எந்தக் காம்ப்?

எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகளே, நீங்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். எலிவேற்றர் கதவு மூடுகிற நேரத்தில் காதில் விழுந்தது. ‘எந்தக்காம்ப் அங்கிள்.’ எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் சொன்னதில் பிழையும் இல்லை. லீவு காலத்தில் உங்களில் யாராவது முதுகில் பையைக் கொழுவிக்கொண்டு, நாளைக்குக் காம்புக்குப் போறன் அங்கிள் என்று சொன்னால், கவனமாகப் போய் வா என்று சொல்ல வேண்டிய வாய் அதைச் சொல்லாது. எந்தக் காம்ப் என்றுதான் கேட்கும். நீந்துகிற காம்ப், படம் கீறுகிற காம்ப், காட்டுக்குள் கூடாரம் அடிக்கிற காம்ப் என்று நீங்களும் பொறுமையாக விளங்கப்படுத்துவீர்கள். சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் எலிவேற்றரின் கைப்பிடியை விடமாட்டேன். அதைக் கண்டுதான் சிரிக்கிறீர்கள்.

ஏன் கேட்கிறேன் என்று ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை கண்டால் உங்கள் தமிழ் ரீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இது ஹொக்கியைப் பற்றிய கதை. நான் பயந்ததைப் பற்றிய கதையும்தான். இரண்டையும் பிரித்து எழுதப் பார்த்தேன், முடியவில்லை.

முதலில் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். நான் வளர்ந்த இடத்தில் காம்ப் என்றால் இரண்டு. ஒன்று ஆமிக்காரரின் காம்ப். வீதியில் போகிற பொடியனை மறித்து, விசாரிக்க வேண்டும் என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். மற்றது ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்தின் காம்ப். பிள்ளைகள் தாங்களாகவே, வீட்டுக்குச் சொல்லாமல், துவக்குப் பழகப் போய்விடுவார்கள். இரண்டு இடத்துக்கும் நாங்கள் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தோம். என் தம்பி ஒரு நாள் பின்னேரம் ரியூஷனுக்கென்று சைக்கிளில் போனான். பொழுதுபடுகிற நேரம் அவனோடு படிக்கிற ஒருவன் படலையடிக்கு வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே, “அவன் காம்பிலையாம்” என்று சொன்னான்.

அம்மா, “எந்தக் காம்ப்?” என்று கேட்டார்.

அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குச் சொன்னவனுக்கும் தெரியவில்லை. பிறகு அம்மா காணுகிற எல்லோரிடமும் அதைக் கேட்கத் தொடங்கினார். சங்கக்கடையில் அரிசிக்கு நிற்கும்போது கேட்டார், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்டார். நான் கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்றும், அங்கே எங்கட பக்கத்துப் பொடியள் இருப்பாங்கள், ஒருக்கால் கேட்டுப் பார் என்றுதான் சொல்லிவிட்டார். பதில் இன்றைக்கும் வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். இவ்வளவும் தெரிந்தால் போதும், மற்றது விளங்கும்.

இனி ரொறொன்ரோ. வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறைக்குள் இருந்தோம். பிறகு ஸ்காபரோவுக்கு, இந்தக் கட்டிடத்துக்கு மாறினோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மகளுக்குப் பதின்மூன்று வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் வேலை செய்தேன். விடிய முன்னம் வேலையிடத்து வான் வண்டி வந்து ஏற்றும். மனைவிக்கு ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற நாள் குறைவு.

மகளுக்கு ஹொக்கி என்றால் பைத்தியம். எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் மன்னார்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டு அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன், மகள் அன்ரி என்பாள். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. மாரி காலத்தில் இரண்டும் எங்கள் காப்பெற்றில் படுத்திருந்து, ரீவியில் நகரத்து அணி விளையாடுவதைப் பார்த்துக் கத்தும். நான் நித்திரைக்குப் போய்விடுவேன். ஹொக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது பனி விளையாட்டு என்பதுதான். பள்ளிக்கூட வளவில் தண்ணீர் விட்டு உறைய வைக்கிறார்கள், பிள்ளைகள் வழுக்கி விளையாடுகிறார்கள், வெயில் வந்ததும் உருகிவிடுகிறது. பெரிய அணியும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வீதியில் பனி தள்ளுகிற வேலைபோல, பனி போனால் ஹொக்கியும் போய்விடும், பனி வந்தால்தான் அதுவும் வரும். என்னோடு வேலை செய்த எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பெரிய கட்டிடத்துக்குள் ஐஸை வைத்து, வெயில் காலத்திலேயே ஆள் தெரிவு செய்யத் தொடங்கிவிடுவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னது?

அந்த வருடம் செப்டெம்பர் பிறந்தும் வெக்கை குறையவில்லை. அந்த நாட்களில் வானுக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவரின் மகளாம். படிப்பில் கெட்டிக்காரியாம். தாய் தகப்பனுக்குச் சொல்லாமல் ஊருக்குத் திரும்பிப் போய் இயக்கத்தில் சேர்ந்துவிட்டாளாம். எந்த வீடு, எந்த நகரம் என்று ஒருவருக்கும் தெரியாது. பொய்யாகக்கூட இருக்கலாம். ஆனால் பெண்பிள்ளை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அன்றைக்கு யன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்தால் மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் கதைக்கிற சத்தம். தமிழில் கதைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் என்னை முதலில் உலுக்கியது. சிநேகிதியோடு எப்போதும் இங்கிலிஷ். எங்களோடு கதைத்தாலும் பாதி வசனத்தில் இங்கிலிஷுக்குப் பாய்ந்துவிடுவாள். தமிழில் கதை, தமிழில் கதை என்று ஏசி ஏசிக் களைத்துப்போன தகப்பன் நான். அன்று அவள் ஒரு சொல் பிசகாமல் தமிழ் கதைத்தபோது சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியில் நின்று கேட்டேன்.

“போன முறை தோத்துப் போனம். இந்த முறை எங்கட ஆக்கள் விடமாட்டினம். பழைய ஆக்களுக்கு ஏலாது, உடம்பெல்லாம் காயம். ஆனா புதுப் பொடியள் வந்திருக்கினம். பதினெட்டு வயசுதான். பயமில்லாத பொடியள்.”

கொஞ்சம் நிறுத்தி, அதையே முதலில் இருந்து மறுபடி சொன்னாள். பாடமாக்குவதுபோல. நான் கதவைத் தட்டவில்லை. குசினிக்குப் போய், கழுவி வைத்திருந்த கோப்பைகளை எடுத்து இன்னொருமுறை கழுவினேன்.

அடுத்த நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, டிஃபென்ஸ் என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டாள். பாதுகாப்பு என்றேன். அப்ப அற்றாக் என்றாள். தாக்குதல். ஏன் கேட்கிறாய் என்றேன். “சும்மா அப்பா,” என்றாள். கையைக் கழுவிக்கொண்டு போகும்போது தாக்குதல், பாதுகாப்பு, தாக்குதல், பாதுகாப்பு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனாள். மனைவியிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். பெட்டை வளருது, கதவைச் சாத்தும், தமிழ் கேட்டால் சந்தோசப்படுங்கோ என்றார்.

நான் ஏன் பிள்ளையிடம் நேராகக் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் நாங்கள் அறிந்த விசயம் ஒன்று இருந்தது. தாய் தகப்பனுக்குத் தெரிந்துவிட்டது என்று கண்டால், பிள்ளை அடுத்த நாளே போய்விடும். கேட்காமல் இருந்தால் ஒரு நாள் கூடுதலாக வீட்டில் நிற்கும். நான் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வேலையிடத்தில் கரண்டி இல்லாமல் எத்தனையோ தட்டுகளை அனுப்பிவிட்டேன். மேற்பார்வையாளர் வந்து, என்ன வீட்டில் சுகமில்லையா என்று கேட்டார். இன்னொரு நாள் அவள் ரெலிபோன் வயரை அறைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, “அப்பாட்ட மட்டும் சொல்லாதை” என்று சொன்னதும் காதில் விழுந்தது.

அந்தச் சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. வெயில் உச்சியில் நிற்கும்போது வான் என்னை இறக்கிவிட்டது. வீட்டில் ஒருவரும் இல்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தார். மகளின் அறைக் கதவு திறந்து கிடந்தது. பள்ளிக்கூடப் பையைக் காணவில்லை. பிறகு அலுமாரியைத் திறந்தேன். அவளுடைய குளிர் கோட்டையும் காணவில்லை.

வெளியே மனிதர்கள் சட்டை நனைய நடக்கிற வெயில். குளிர் கோட்டு எதற்கு? தூரப் பயணம் போகிறவர்கள்தான் இருக்கிற உடுப்பெல்லாம் எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அப்படித்தான் ஓடியது. எலிவேற்றருக்குக் காத்திருக்க முடியவில்லை. படியால் இறங்கி ஓடிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அக்கா கையில் அகப்பையோடு வந்து கதவைத் திறந்தார். மேசையில் அப்போதுதான் அவணில் இருந்து எடுத்த, உள்ளே மீன்கறி வைத்த மீன் பணிஸ் ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளை இங்கே நிற்கிறாளா என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. ரெண்டு பேரும் விடியவே வெளிக்கிட்டிட்டாளவை. காம்புக்காம்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் அவருடைய காதிலேயே விழுந்தது. அகப்பையைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன்.

“எந்தக் காம்ப்?” என்றேன். கேட்டது என் குரல்போல இருக்கவில்லை. படலையில் நின்று அம்மா கேட்ட குரல்போல இருந்தது.

“நான் கேக்கேல்லைத் தம்பி,” என்றார். “கேக்காமல் விட்டிட்டன்.”

அடுப்பை நிறுத்தினார். நினைவுக்கு வந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு பேரும் குளிர் கோட்டைக் கையில் வைத்திருந்தார்கள். பஸ் மாறி ட்ரெயின் எடுக்கிற கதை கதைத்தார்கள். அரீனா என்று ஒரு பிள்ளையும் இருக்கிறதாம், முதலில் அவளிடம்தான் போகிறார்களாம். யார் பெற்ற அரீனா, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது. அந்தப் பெயரில் ஒரு சிநேகிதியை நாங்கள் இரண்டு பேரும் கேள்விப்பட்டதே இல்லை. என் மனதில் ஒரு பெட்டை வந்து நின்றாள். தலையை இழுத்துப் பின்னி, சிரிக்காத முகத்தோடு, எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வந்த பெட்டை. ஊரில் அப்படி வந்து கூட்டிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். இன்றைக்கும் அந்த முகத்தை என்னால் கீறிக் காட்ட முடியும். அப்படி ஒருத்தி உலகத்தில் இருக்கவேயில்லை.

பொலிசுக்குச் சொல்லுவோமா என்று அக்கா கேட்டார். சொன்னால் என்னவென்று சொல்வது? காம்புக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னால் அவர்கள் எந்தக் காம்ப் என்று கேட்பார்களே.

கீழே போனோம். லொபியில் எங்கள் சூப்பர், அதுதான் கட்டிடத்தைப் பார்க்கிறவர், தபால் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டு நின்றார். கனடாவின் கிழக்குக் கடற்கரை மாகாணத்தில் இருந்து வந்த வெள்ளைக்காரர். கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அரீனா என்று ஒரு பிள்ளையைத் தெரியுமா, காம்ப், எங்கள் மகள்மார் என்று எனக்கு வந்த இங்கிலிஷில் கேட்டேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். அரீனா பிள்ளை இல்லை, ஐஸ் விளையாடுகிற பெரிய கட்டிடம் என்றார். நகரத்து ஹொக்கி அணி அங்கேதான் காம்ப் வைத்திருக்கிறது, இன்றைக்குச் சனங்களை உள்ளே விடுகிறார்கள், உன் மகள் ஒரு மாதமாக என்னோடு இதைத்தான் கதைக்கிறாள் என்றார். பிறகு அந்த மனிதர் என்னை விடவில்லை. வரப்போகிற பருவத்தில் அணி எப்படி விளையாடும், யார் யார் இருப்பார்கள் என்று முழுவதையும் எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். வேகமான இங்கிலிஷ். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது. கொன்றுபோடுவார்கள். பதினெட்டு வயது. நன்றாகச் சுடுவான். முழங்கால் போய்விட்டது. பாவம், அவனுக்கு இதுதான் கடைசி.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “என்னவாம்?”

“ஹொக்கியாம் அக்கா.”

“இந்த வெயிலிலயோ?” என்றார்.

அதுதான். எனக்கும் அதே கேள்விதான். சூப்பர் பொய் சொல்லுகிறவர் இல்லை. ஆனால் பிள்ளைகள் அவரிடம் சொன்னது பொய்யாக இருக்கலாமே? சுடுகிற கதையையும் பதினெட்டு வயதுக் கதையையும் கேட்ட பிறகு, ஹொக்கி என்ற ஒரு சொல்லை நம்பிக்கொண்டு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. எந்த பஸ், எந்த ட்ரெயின், எங்கே இறங்குவது என்று கேட்டுக்கொண்டேன். அக்கா ஓடிப்போய்ச் செபமாலையையும், ஒரு பையில் மீன் பணிஸையும் எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் சாப்பிடாமல் போனவர்கள் என்றார். பயத்திலும் அதை மறக்கவில்லை.

ரொறொன்ரோ எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. சப்வேயில் எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் பேப்பரை விரித்துப் படித்தார். எங்கள் பக்கம் தெரிந்த பக்கத்தில் பொடியன்களின் படங்கள், சின்னச் சின்னப் படங்களாக, வரிசை வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர். சிரிக்கிற முகங்கள். ஒருவனுக்கு முன்பல் இல்லை. அக்கா அதைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். செபமாலை மணிகள் விரலுக்குள் வேகமாக உருளத் தொடங்கின. எங்கள் பேப்பர்களில் இளம் பொடியன்களின் படங்கள் அப்படி வரிசையாக வந்தால் அது ஒரு செய்திதான். அது என்ன செய்தி என்று உங்கள் அம்மா அப்பாவுக்குத் தெரியும். நான் எட்டிப் பார்த்து மேலே இருந்த தலைப்பை எழுத்துக் கூட்டி வாசித்தேன். யார் நிற்பார், யார் போவார் என்று போட்டிருந்தது. அதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை.

அரீனா யன்னல் இல்லாத பெரிய கட்டிடம். வெளியே தார் உருகுகிற வெயில். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் ஜனவரி மாதம் முகத்தில் அடித்தது. வேலைச் சட்டையோடு நின்ற எனக்கு மயிர் சிலிர்த்தது. உள்ளே ஒரு நீளமான நடைபாதை, சோளப்பொரி மணம், சனம். இரண்டடி வைத்திருப்போம். படார் என்று ஒரு சத்தம். உடனே இன்னொன்று.

நான் நிலத்தில் இருந்தேன். எப்படிக் குந்தினேன் என்று தெரியாது. தலைக்கு மேல் இரண்டு கையும். பக்கத்தில் அக்காவும் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தார், பணிஸ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. எங்களைச் சுற்றி ஒருவரும் குந்தவில்லை. சோளப்பொரி வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் குனிந்து, வழுக்கி விழுந்துவிட்டீர்களா, தரை ஈரமா என்று கேட்டாள். ஓம் ஓம், ஈரம் என்று சொல்லி எழும்பினோம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அது பக் என்கிற கறுப்பு வட்டு பலகையில் மோதுகிற சத்தம். உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

படியேறி மேலே போனால், கீழே வெள்ளைத் தரை. கண் கூசுகிற வெள்ளை. அதில் தலைக்கவசம் போட்ட பொடியன்கள் வெட்டி வெட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. கதிரைகளைத்தான் வரிசை வரிசையாகப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு குளிர் கோட்டு. பக்கத்தில் இன்னொரு குளிர் கோட்டு. இரண்டு தலையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு எதையோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

“அப்பா? வேலை இல்லையோ?” என்றாள் மகள்.

எத்தனையோ கேட்க வேண்டும் என்று வந்தவன். வாயில் வந்தது ஒன்றுதான். “ஏன் கோட்டுப் போட்டனீ?”

“குளிர் அப்பா,” என்றாள்.

பக்கத்தில் இருந்தேன். முழங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் அதைக் கண்டு, குளிருதோ என்று கேட்டு, கோட்டைக் கழற்றிப் பாதியை என் மடியில் போட்டாள். ஓம், குளிருது என்றேன். அந்தப் பக்கத்தில் அக்கா தன் மகளின் காதைப் பிடித்துத் திருகினார். பிறகு அதே கையால் பணிஸை எடுத்து நீட்டினார்.

ஒளித்த காரணத்தை மகள் சொன்னாள். வருகிற சனிக்கிழமை தமிழ் வகுப்பு தொடங்குகிறது. முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் தாய் தகப்பன்மாருக்கு முன்னால், தான் ஆவலோடு காத்திருக்கிற ஒன்றைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்று லீவுக்கு முன்னமே ரீச்சர் சொல்லியிருக்கிறார். இவள் வரப்போகிற ஹொக்கிப் பருவத்தைப் பற்றிப் பேசப்போகிறாள். இங்கிலிஷ் கலக்காமல் பேசி, முன்வரிசையில் இருக்கிற அப்பாவைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பாடமாக்கியிருக்கிறாள். விளையாடுகிற ஆட்களைப் பார்க்காமல் எழுதினது போதாது, காம்பில் நேரே பார்க்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார்கள்.

திடுக்கிட வைத்துவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. “சரி, இப்ப சொல்லு,” என்றேன்.

அவள் சொன்னாள். கதவுக்கு வெளியே நின்று நான் கேட்ட அதே வசனங்கள். இப்போது ஒவ்வொரு வசனத்துக்கும் கீழே ஐஸில் ஓர் ஆளைக் காட்டினாள். உடம்பெல்லாம் காயம் என்றது கோலுக்குக் காவல் நிற்கிறவரை. கிழவர் என்றாள், எனக்கு அவர் என்னைவிட இளைஞராகத் தெரிந்தார். முழங்கால் சரியில்லை, இருந்தும் இந்த வருசம் அவர்தான் நிற்பார், அவரை விட்டால் ஆளில்லை. பாதுகாப்புக்கு நிற்கிற நாலைந்து பேரில் இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் ஓட்டை வேலிதான், யாரும் புகுந்து போகலாம். தாக்குதலுக்குப் புதிதாக ஒருவனை வாங்கியிருக்கிறார்கள், கெதியாக ஓடுவான், ஆனால் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுக்க மாட்டான். பயமில்லாத பொடியன் என்றது ஒரு மெல்லிய பொடியனை. தன்னைவிட இரண்டு மடங்கு பெரியவன் இடித்து விழுத்தினாலும், துள்ளி எழும்பி அவனுக்குப் பின்னாலேயே ஓடினான். இவனை எனக்கு விருப்பம் என்றாள். ஆனால் இந்த முறை வைத்திருக்க மாட்டார்கள், இன்னும் சின்னன்.

“வைச்சிருக்காட்டி?” என்றேன்.

“கட் பண்ணுவினம் அப்பா. வீட்டை அனுப்பிப்போடுவினம்.”

“காம்பில இருந்தோ?”

“ஓம். காம்பில இருந்துதான்.”

“வீட்டையோ அனுப்புவினம்?”

எனக்கு விளையாட்டு விளங்கவில்லை என்று நினைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவதுபோல ஆறுதலாகச் சொன்னாள். கனபேர் வருவினம் அப்பா. கொஞ்சப் பேர்தான் நிப்பினம். மிச்சம் எல்லாரும் வீட்டை போவினம். ஒவ்வொரு வருசமும் அப்பிடித்தான். நான் திரும்பவும் கேட்டேன். அவள் திரும்பவும் சொன்னாள்.

பலகையில் பக் படார் படார் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் தோள் துள்ளியது. விளையாட்டு முடிகிற வரைக்கும் அந்தத் துள்ளல் நிற்கவில்லை. பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள் என்று தலைக்குத் தெரிகிறது, தோளுக்குத் தெரியவில்லை.

வெளிக்கிடும்போது வாசலடியில் காசு போடுகிற ரெலிபோன்கள் வரிசையாக இருந்தன. கடைசி ரெலிபோனில் அந்த மெல்லிய பொடியன். தலைக்கவசம் இல்லை, தலை ஈரம். காலடியில் அவனுடைய உயரத்துக்கு ஒரு பை. ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதான். சத்தம் இல்லாமல், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று. கட் பண்ணிட்டினம் என்று மகள் மெதுவாகச் சொன்னாள். அவளுக்கும் கண் கலங்கியது. தாயோடு கதைக்கிறான்போல, மம், மம் என்றுதான் கேட்டது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். காம்பில் இருந்து தாய்க்கு ரெலிபோன் எடுக்கிற பிள்ளை. வீட்டுக்குப் போ என்று சொன்னதற்காக அழுகிற பிள்ளை. அப்படி ஒரு பிள்ளையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அக்கா என்னைப்போல நிற்கவில்லை. அவன் ரெலிபோனை வைத்ததும் நேரே போனார். பையில் மிஞ்சியிருந்த பணிஸை எடுத்து அவன் கையில் வைத்து, அவன் முழங்கையைத் தட்டினார். அதற்கு மேல் அவருக்கு எட்டவில்லை.

“அழாதை ராசா,” என்றார். “வீட்டை தானே போறாய்.”

அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. தாங்க்யூ மேம் என்றான். மரியாதைக்கு ஒரு கடி கடித்தான். எங்கள் மீன் பணிஸின் உறைப்பு உங்களுக்குத் தெரியும்தானே. மறுபடி கண்ணால் தண்ணீர் ஓடியது. இருமிக்கொண்டே இன்னொரு கடி கடித்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் வெட்கத்தில் வாசலுக்கு ஓடிவிட்டார்கள்.

திரும்பி வரும் வழி முழுக்க நான் மகளின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். சனம் பார்க்குது அப்பா, விடுங்கோ என்றாள். விடவில்லை. சூப்பர் லொபியில் நின்று, எப்படி, இந்த முறை தேறுவார்களா என்று கேட்டார். பாதுகாப்பு சரியில்லை என்றேன் எனக்கு வந்த இங்கிலிஷில். அவர் பெரிதாகத் தலையாட்டி ஒத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் முன்வரிசைக்குப் போனேன். மனைவிக்கும் லீவு கிடைத்தது. அக்கா எங்களுக்குப் பின்னால். என் பக்கத்துக் கதிரையில், மகனைக் கூட்டிக்கொண்டு வந்த ஓர் அண்ணை. முன்பின் தெரியாதவர். மகள் மேடையில் ஏறி, ஒருதரம் தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்கினாள். போன முறை நாங்கள் தோத்துப் போனம். பழைய ஆக்களுக்கு ஏலாது. புதுப் பொடியள் வந்திருக்கினம். ஹொக்கி, அணி என்ற சொற்களைப் பிறகுதான் சொல்ல வைத்திருந்தாள். எழுதிக் கொடுக்க என்னைக் கேட்டிருந்தால் முதலில் வைத்திருப்பேன். இப்ப எல்லாரும் காம்பில நிக்கினம் என்றாள்.

மண்டபத்தில் கதிரைச் சத்தம் நின்றது. பின்வரிசையில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் ஒன்றும் கவனிக்காமல், கோலுக்கு நிற்கிறவரின் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டு போனாள்.

பக்கத்தில் இருந்த அண்ணை என் பக்கம் சரிந்தார். அவருடைய கை தன் மகனின் தோளைப் பிடித்திருந்தது. முகத்தைப் பார்க்காமல் மெல்லக் கேட்டார்.

“எந்தக் காம்ப்?”

“ஹொக்கிக் காம்ப் அண்ணை,” என்றேன். “அரீனாவில. நான் போய்ப் பார்த்தனான். எல்லாரையும் வீட்டை அனுப்புகினம்.”